வலது தொடையின் வெளிப்புறம்

மனித உடல் ஒரு பேரரசு. அதன் சக்கரவர்த்தி மூளை. எலும்புக் கோட்டைக்குள் வீற்றிருந்து ஆணையிடுகிறது. தண்டுவடம் அதன் ராஜபாட்டை. அந்தப் பாட்டையிலிருந்து முப்பத்தோரு ஜோடி நரம்புகள் தூதர்களாய்ப் பிரிந்து, கடைக்கோடிக் கால்விரல்வரை போய், அங்கே ஒரு கொசு உட்கார்ந்தாலும் அரண்மனைக்குச் சேதி கொண்டுவருகின்றன. சக்கரவர்த்திக்குத் தெரியாமல் அந்த ராஜ்யத்தில் ஒரு ரோமம் அசையாது.

புருஷோத்தமன் மாஷ் இதைப் பத்தாம் வகுப்பில் முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறார். கர்க்கடக மாதத்தில், அதாவது மலையாளத்து ஆடியில், ஒரு செவ்வாய்க்கிழமை, மழையோடு பள்ளிவிட்டு வந்து நின்றவருடைய வலது தொடையில் ஒரு குண்டூசி பாதிக்கு மேல் ஏறி நின்றது. அரண்மனைக்குச் சேதி எதுவும் வந்திருக்கவில்லை.

பார்த்தது அவருடைய மனைவி விலாசினி. வாசல் அறையில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, அம்மிணியின் ஓணத்து ரவிக்கைக்குக் கை மாட்டிக்கொண்டிருந்தாள். மாஷ் குடையை மடக்கி மூலையில் சாத்த முதுகைத் திருப்பியபோது, வெள்ளை வேட்டியில் மிளகளவு ரத்தமும், அதன் நடுவில் ஊசியின் நீலத் தலையும் தெரிந்தன.

"மாஷே, அசையாதீங்க."

"என்ன, பல்லியா?"

"தொடையில ஊசி குத்தியிருக்கு."

"எந்தத் தொடையில?"

விலாசினி காலையிலிருந்து எண்ணிப் பார்த்தாள். காலையில் அவர் இவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்துதான் பேப்பர் படித்தார். அப்போது ஏறிய ஊசி. அதோடு பஸ்ஸில் நின்று, ஆறு பீரியட் எடுத்து, மத்தியானம் சோறு உண்டு, திரும்ப பஸ் ஏறி வந்திருக்கிறார். அவள் ஊசியைப் பிடுங்கினாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் பிடுங்கினாள். அவர் குடையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தபடி, "எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

*

பாலக்குன்றில் கர்க்கடகம் என்றால் துணி காயாது, விறகு புகையும், கருப்பட்டிகூட வியர்க்கும். வீடுவீடாக மருந்துக் கஞ்சி கொதிக்கும். ஆனால் விலாசினிக்கு அதுதான் அறுவடைக் காலம். அடுத்த மாதம் ஓணம். ஊர்ப் பெண்கள் எல்லாருடைய ரவிக்கையும் அந்த மெஷின் வழியாகத்தான் போயாக வேண்டும். அளவு நாடாவைக் காலையில் எழுந்ததும் கழுத்தில் போட்டாள் என்றால் குளிக்கப் போகும்போதுதான் கழற்றுவாள். எந்த வீட்டில் யார் பெருத்தார்கள், யார் இளைத்தார்கள், எந்தக் கல்யாணத்துக்குப் பிறகு எவ்வளவு கூடியது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தெரியாத அளவு ஒன்றே ஒன்று, புருஷனுடையது. அவள் ஆண்களுக்குத் தைப்பதில்லை. மாஷின் இடுப்பு முப்பத்து நாலு என்பது கல்யாணத்தன்று அவரே சொன்னது. அதற்குப் பிறகு அதில் மாற்றம் வந்ததாக அறிவிப்பு எதுவும் இல்லை.

புதன்கிழமை விடிந்ததும் மாஷ் விசாரணையில் இறங்கினார். நாற்காலியில் உட்கார்ந்து வேட்டியைத் தொடைக்கு மேல் ஏற்றிக்கொண்டார். சட்டை பட்டன்களுக்கு நடுவே, மஸ்கட்டிலிருந்து மச்சினன் கொண்டுவந்த நாலு விரல் அகலத் தோல் பெல்ட் பளபளத்தது. ஜூனில் பள்ளி திறந்த அன்று, பிரார்த்தனைக்காகக் கைகூப்பிய நேரம் பார்த்து வேட்டி தளர்ந்து, மாஷ் ஒரு கையால் கடவுளையும் ஒரு கையால் வேட்டியையும் பிடிக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து குளியலைத் தவிர மற்ற நேரமெல்லாம் அந்த பெல்ட் அவர் இடுப்பில்தான்.

"உன் சாக்குக்கட்டியையும் ஊசியையும் எடுத்துட்டு வா. நான் கண்ண மூடிக்கறேன். நீ குத்து. தெரிஞ்சா 'ஆம்'னு சொல்வேன். தெரியலைன்னா சொல்ல மாட்டேன். சொல்லாத இடத்துல எல்லாம் புள்ளி வை."

"நான் மாட்டேன். மனுஷன ஊசியால குத்தற வேலையெல்லாம் எனக்குத் தெரியாது."

"இருபத்தஞ்சு வருஷமா வாயால பண்றத ஊசியால பண்ணச் சொல்றேன், அவ்வளவுதான்."

அவள் சிரிக்கவில்லை. ஊசியை அடுப்பில் காட்டி ஆறவைத்துக்கொண்டு வந்து தரையில் மண்டியிட்டாள்.

"ஆம்," என்றார் மாஷ், முட்டிக்கு மேலே. "ஆம். ஆம்."

பிறகு மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் குத்தினாள், புள்ளி வைத்தாள். குத்தினாள், புள்ளி வைத்தாள். மாஷ் கண்ணை மூடியபடி வகுப்பு எடுக்க ஆரம்பித்தார்.

"இப்ப நீ குத்தறேல்ல, தோல்ல இருக்கிற முனை அத வாங்கணும். வாங்கி, மின்சாரமா மாத்தி, நாடி வழியா அனுப்பணும். அது தண்டுவடத்துல ஏறணும். தண்டுவடம் மூளைக்குக் கொண்டுபோகணும். மூளை 'இது வலி'ன்னு சொன்னாத்தான் வலி. இடையில எங்கயோ பாலம் உடைஞ்சிருக்கு."

"எத்தனாவது பாலம்?"

"அதத்தான் கண்டுபிடிக்கறோம். குத்து."

"குத்திட்டுத்தான் இருக்கேன், மாஷே."

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். வலது தொடையின் வெளிப்புறம் முழுக்க நீலப் புள்ளிகள். விலாசினி அவற்றைக் கோடு போட்டு இணைத்தாள்; கழுத்து வெட்டுகிற பழக்கத்தில் வளைவு அழகாகவே வந்தது. நல்ல ஒட்டுமாங்காய் ஒன்றை நீளவாக்கில் வைத்த மாதிரி இருந்தது.

பிறகு மாஷ் காலைத் தொங்கப்போட்டு, முட்டிக்குக் கீழே தட்டச் சொன்னார். அவள் இஞ்சி நசுக்குகிற மரக்குழவியால் தட்டினாள். கால் துள்ளி அவள் தோளில் இடித்தது.

"பாத்தியா? இது அனிச்சை. இதுக்கு மூளை வேண்டாம். சக்கரவர்த்தியக் கேக்காமலே, தண்டுவடமே ஆணை போட்டு முடிச்சிடும். அவருக்குச் சேதி பின்னால போகும்."

"நம்ம வீட்டுலயும் அப்படித்தானே நடக்குது," என்றாள் விலாசினி தோளைத் தடவிக்கொண்டு. சொன்னபிறகுதான் அது வேடிக்கை என்று அவளுக்குத் தெரிந்தது. "கால் துள்ளுதுன்னா நல்லதுதானே?"

"இப்போதைக்கு."

மாஷ் அலமாரியிலிருந்து மூளை பொம்மையை இறக்கினார். பள்ளி ஏலத்தில் எடுத்தது. சிறுமூளை என்றைக்கோ காணாமல் போய், அந்த இடத்தில் ஒரு காய்ந்த பாக்கு ஒட்டப்பட்டிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, தீர்ப்பெழுதிய நீதிபதி மாதிரி அவர் சொன்னார்: "இடுப்புத் தண்டுவடத்துல, வேர் பிரியற எடத்துல ஒரு கட்டி. மெல்ல வளருது. முதல்ல உணர்ச்சி போகும். பிறகு அசைவு. பிறகு மல மூத்திரம். ஓணத்துக்குள்ள எனக்குக் காலு ரெண்டும் இருக்காது, விலாசினி. நான் போனா இந்த மூளைய ஸ்கூலுக்கே திருப்பிக் குடுத்துடு."

அவருக்கு அந்த வாக்கியத்தில் ஒரு கம்பீரம் இருந்தது. விலாசினிக்கு அதில் கண்ணன்குட்டி இருந்தான். ஏழு வருஷத்துக்கு முன் கமுகிலிருந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. அவன் பெண்டாட்டி ரவிக்கைக்கு அளவு கொடுக்க வரும்போது வருஷத்துக்கு வருஷம் தோள் அகன்றுகொண்டே போனது, அவனைத் தூக்கித் தூக்கி. விலாசினி கட்டிலை மனசுக்குள் மெஷினுக்குப் பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். கதவு திறக்க இடமிருக்காது. மெஷினை ஜன்னல் பக்கம் திருப்பிப்போட வேண்டும்.

"ஞரம்பு டாக்டரப் போய்ப் பாப்போம், மாஷே. பேக்கரி மாடியில சனிக்கிழமைதோறும் வர்றாங்களாம்."

மாஷ் பொம்மையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அந்த வார்த்தைய இந்த வீட்டுல சொல்லாத. நாடி. நாடீ வியவஸ்தை. பாடப்புத்தகத்துல அதான் இருக்கு."

காரணம் இருந்தது. பாடப்புத்தகத்தில் நாடி என்கிற நரம்புக்கு அந்த ஊர்ப் பேச்சில் ஞரம்பு என்று பேர். கையில் புடைத்துத் தெரிவதும் ஞரம்புதான், ஊசி குத்தினால் சொல்கிறதும் ஞரம்புதான். அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் ஒரு ஆம்பிளைக்கு ஞரம்பில் கோளாறு என்று சொன்னால், அவன் பஸ்ஸில் பெண்கள் பக்கமாகப் போய் உரசி நிற்கிற ஜாதி என்று அர்த்தம். படம் வரையச் சொல்லிக்கொடுக்கும் பார்கவன் மாஷ் கைநடுக்கத்துக்காக அந்த பேக்கரி மாடி ஏறினார். ஏறும்போது மீன்காரர் பார்த்தார். அடுத்த திங்கள் கரும்பலகையில் ஐந்தே எழுத்து: ஞரம்பன். பார்கவன் மாஷ் இப்போது மாற்றல் வாங்கிப் போய் வயநாட்டில் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கிறார். அங்கே எல்லாரும் நடுங்குவதால் யாரும் கேட்பதில்லை.

"கால் போனாலும் பரவாயில்ல. பேரு போகக் கூடாது," என்றார் மாஷ்.

*

வெள்ளிக்கிழமை அம்மிணி ரவிக்கை வாங்க வந்தாள். பக்கத்து வீடு, கூட்டுறவுப் பால் சங்கத்தில் பால் அளக்கிறவள்; விலாசினியை அக்கா முறையில் ஏச்சி என்பாள். காலையில் அறுபது வீட்டுக்காரர்கள் பாத்திரத்தோடு அவள் முன்னால் வரிசையில் நிற்பார்கள். அவள் காதில் விழுந்தது நண்பகலுக்குள் ஆற்றுக்கு அக்கரை போய்விடும்.

"என்ன விலாசினியேச்சி, கண்ணு வீங்கியிருக்கு? தூங்கலையா?"

விலாசினி மூன்று நாளாக யாரிடமும் சொல்லாமல் அடக்கியிருந்தாள். வாயில் கவ்வியிருந்த நூலை எடுத்தாள். "என்னத்தச் சொல்ல அம்மிணி. மாஷுக்கு ஞரம்புல என்னமோ ஆயிப்போச்சு."

அம்மிணி ரவிக்கையை மடியில் இறக்கினாள். "நம்ம மாஷுக்கா?"

"அவருக்கே தெரியல. நான்தான் கண்டுபிடிச்சேன்."

"ஐயோ. எப்படி?"

"தொடையிலதான் ஆரம்பம். ஊசி ஏறினதுகூடத் தெரியாம நிக்கறாரு."

"ஊசியெடுத்துக் குத்தற அளவுக்குப் போயிடுச்சா!" அம்மிணிக்கு பஸ்ஸில் பெண்கள் எதற்கு ஊசி வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். குரலைத் தாழ்த்தினாள். "எப்பத்துலேர்ந்து?"

"ஜூன்லேர்ந்தே லேசா இருந்திருக்கும்னு சொல்றாரு. இப்பதான் முத்திப்போச்சு. வளந்துட்டே போகுமாம். மூளைக்கும் அதுக்கும் இடையில பாலம் உடைஞ்சு போச்சாம்."

"அவரே ஒத்துக்கிட்டாரா?"

"பின்ன? படிச்ச மனுஷனாச்சே."

"அதான் ஏச்சி எனக்கு ஆச்சரியம். இவ்வளவு படிச்சும்..." அம்மிணி அடுக்களைக் கதவைப் பார்த்தாள். "நாங்க அளவு குடுக்க வர்றப்ப அவரு உள்ளதான இருப்பாரு?"

"பாவம், எங்க போவாரு? அப்படியே படுத்திருப்பாரு."

அம்மிணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். விலாசினியின் கையைப் பிடித்தாள். "தைரியமா இருங்க ஏச்சி. இந்த வயசுல சில பேருக்கு வரும். எங்க சின்ன மாமனுக்கும் இருந்துச்சு. வெளியூர் அனுப்பி வச்சோம்."

"குணமாச்சா?"

"எங்க? அங்கயும் அடி வாங்கினாரு."

வைத்தியத்தில் மூலிகைக் கிழியால் தட்டுவதைத்தான் அடி என்கிறாள்போல என்று விலாசினி நினைத்துக்கொண்டாள். யாரிடமாவது சொன்னதில் நெஞ்சு கொஞ்சம் லேசாயிருந்தது.

சனிக்கிழமை மூன்று பேர் அளவு கொடுக்க வருவதாக இருந்தது. யாரும் வரவில்லை. ஞாயிறு, ஏற்கெனவே கொடுத்த துணியை ஒருத்தி திரும்ப வாங்கிக்கொண்டு போனாள்; வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. திங்கள் காலை மாஷ் பஸ்ஸில் ஏறியதும் பெண்கள் பக்கத்து வரிசை முழுக்க ஜன்னலோரம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டது. தன் நோயறிந்து மரியாதை செய்கிறார்கள் என்று எண்ணி மாஷ் நெகிழ்ந்துபோய் உட்கார்ந்தார். பஸ்ஸில் பாதி இறங்கிவிட்டது.

அன்று மூன்றாவது பீரியடில் தலைமையாசிரியை மேரிக்குட்டி டீச்சர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். கணக்கு டீச்சர், சுற்றிவளைக்கத் தெரியாது.

"புருஷோத்தமன் மாஷே, புதன்கிழமை தாய்மார் கமிட்டி கூடுது. நீங்க இருந்தா வரமாட்டோம்னு பதினாலு பேரு எழுதிக் குடுத்திருக்காங்க."

"ஏன்?"

"உங்களுக்கு ஞரம்பாம்."

மாஷ் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "நாடி, டீச்சர்! நாடி! என் தொடை மரத்துப்போச்சு!"

"பதினாலு பேருக்கு நான் உங்க தொடையப் பத்தி விளக்கம் சொல்ல முடியாது, மாஷே. டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. என்ன வியாதி, எதனால வந்துது, ரெண்டும் இருக்கணும். அதுவும் எல்லாருக்கும் புரியற மொழியில. இல்லைன்னா நீங்க லீவு போடறதுதான் மரியாதை."

*

மழை நின்று பெய்தது. அப்படியே குடையும் பிடிக்காமல் வீடுவரை நடந்து வந்தவர், நனைந்த சட்டையோடு விலாசினியின் முன்னால் நின்றார்.

"ஊர்ல யார்கிட்ட சொன்ன?"

அவள் மெஷினை நிறுத்தினாள். "அம்மிணிகிட்ட."

"என்ன வார்த்தை சொன்ன?"

இரண்டு நாளாக வராதவர்களெல்லாம் ஒவ்வொருவராக மனசில் வந்து வாசலில் நின்றார்கள். முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "நான் உங்க காலத்தானே நெனச்சேன்," என்றாள். "கட்டில எங்க போடறதுன்னு நெனச்சுட்டிருந்தேன், மாஷே. வார்த்தைய நான் நெனக்கல."

மாஷ் திட்டத்தான் வந்தார். ஸ்டூலில் உட்காரப்போனவர், ஊசி இருக்கிறதா என்று முதலில் கையால் தடவிப் பார்த்தார். அதைப் பார்த்துத்தான் விலாசினி அழுதாள்.

விலாசினி போனில் அவசரம் என்று கெஞ்சியதில் நரம்பு டாக்டர் சுஹரா அன்று சாயங்காலமே பேக்கரி மாடிக்கு வருவதாகச் சொன்னார். கீழே பன் வாங்க நின்றவர்கள் அத்தனை பேரும் பார்க்க, புருஷனும் பெண்டாட்டியுமாக மாடி ஏறினார்கள். மாஷ் தலையை நிமிர்த்தியே ஏறினார், குனிய முடியவில்லை.

டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மாஷ் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார்: வேர், தண்டுவடம், கட்டி, எத்தனை மாதம் மிச்சம். டாக்டர் கடைசிவரை கேட்டார். பிறகு கட்டிலில் படுக்கவைத்துப் பஞ்சால் தடவினார், ஊசியால் தொட்டார், காலைத் தூக்கச் சொல்லித் தன் கையால் அழுத்தினார், முட்டியில் தட்டினார். அன்றாடம் குளித்தபின் புதுப்பிக்கப்பட்டுவந்த நீலக் கோட்டைப் பார்த்து, "இது யார் போட்டது?" என்றார்.

"நான்தான்," என்றாள் விலாசினி, குற்றவாளிபோல.

"ரொம்ப சுத்தமா இருக்கு. பாடப் படம் மாதிரி." டாக்டர் மாஷைப் பார்த்தார். "கால்ல பலம் குறையல. முட்டி துள்ளுது. முதுகு வலி கிடையாது. வேர்ல கட்டி இருந்தா இதெல்லாம் கெட்டுப்போகும், மாஷே. இது வேர் இல்ல, ஒரு சின்ன கிளை. இந்தத் தொடைத் தோலுக்கு மட்டும் போறது. இதுக்குச் சேதி சொல்ற வேலை மட்டும்தான்; கால அசைக்கிற வேலை கிடையாது. இடுப்பெலும்பு முனைகிட்ட ஒரு சந்து வழியா வெளிய வரும். அந்த எடத்துல ஏதோ அழுத்துது."

"கட்டியா?" என்றாள் விலாசினி.

"சட்டையக் கொஞ்சம் தூக்குங்க, மாஷே."

மாஷ் தூக்கவில்லை. டாக்டர் தூக்கினார். பெல்ட்டுக்கு மேலே ஒரு வயிறும் கீழே ஒரு வயிறுமாக இருந்தது. கொக்கி கடைசித் துளையில் மாட்டியிருந்தது. அந்தத் துளைகூடக் கடையில் போட்டதல்ல, ஆணியால் போட்டது.

"கழட்டுங்க."

கொக்கி விடுபட்டபோது மாஷ் ஒரு பெருமூச்சு விட்டார். வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இடுப்பைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குச் சிவந்த பள்ளம்.

"இடுப்பு என்ன அளவு?"

"முப்பத்து நாலு," என்றார் மாஷ் உடனே.

டாக்டர் விலாசினியின் கழுத்தைப் பார்த்தார். மெஷினிலிருந்து எழுந்து அப்படியே ஓடிவந்ததில் அளவு நாடா அங்கேயே தொங்கியது. அவள் அதை எடுத்தாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாகப் புருஷனை நாடாவால் சுற்றினாள். மாஷ் மூச்சை உள்ளே இழுத்தார்.

"விடுங்க, மாஷே," என்றாள் மெதுவாக. எல்லாப் பெண்களிடமும் சொல்கிற அதே குரல்.

அவர் விட்டார். அவள் எண்ணைப் பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. உதடு வேறு பக்கம் இழுத்தது. கட்டில், ஜன்னல், மெஷின் எல்லாம் அந்தந்த இடத்துக்குத் திரும்பிப்போயின.

"இதுக்குப் பேரு உண்டா, டாக்டர்?" என்றார் மாஷ், சுவரைப் பார்த்து.

"இருக்கு. மெரால்ஜியா பாரஸ்தடிக்கா."

மாஷின் முதுகு நிமிர்ந்தது. அதை உதட்டுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "அத எழுதுங்க. அது மட்டும் போதும். பெரிய எழுத்துல எழுதுங்க."

"அது வேண்டாம், டாக்டர்," என்றாள் விலாசினி. "அந்தப் பேரக் கேட்டா அதுதான் பெரிய ஞரம்புன்னு நெனப்பாங்க. காரணமும் எழுதச் சொல்லியிருக்காங்க. எல்லாருக்கும் புரியற மாதிரி. இல்லைன்னா இவருக்கு ஸ்கூலும் இல்ல, எனக்கு ஓணமும் இல்ல."

டாக்டர் மாஷைப் பார்த்தார். மாஷ் ஒரு கையால் வேட்டியைப் பிடித்தபடி மற்றொரு கையில் பெல்ட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். கீழே பேக்கரியில் யாரோ சிரித்தார்கள்.

"எழுதுங்க," என்றார்.

புதன்கிழமை தாய்மார் கமிட்டிக்கு முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். அம்மிணி பால் சங்கத்தைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்தாள். சான்றிதழ் அறிவிப்புப் பலகையில், மத்தியான உணவுப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது. பெல்ட் முப்பத்து நாலு அங்குலம் என்றும் இடுப்பு நாற்பத்து மூன்று அங்குலம் என்றும் அதில் எழுதியிருந்தது.